நாற்பத்து மூன்று சிவப்புப் புள்ளிகள்

முதலில் மன்னித்துவிடுங்கள். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மாதிரி. எதை எங்கே எழுப்பி நிறுத்துவது என்று இன்றுவரை பிடிபடவில்லை. எழுத்துகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதற்கும் காரணம் உண்டு. இருபது வருஷமாக எழுத்தை இடவலம் மாற்றிப் பார்த்தே வேலை செய்கிறேன். நேராக எழுதுவதுதான் எனக்குச் சிரமம். அச்சுக்குக் கொடுப்பவர்கள் பிழைகளைத் தாராளமாகத் திருத்திக்கொள்ளலாம். புள்ளிகளை மட்டும் என்னைக் கேட்காமல் எடுத்துவிட வேண்டாம்.

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் பிளேட் போடுவது என் வேலை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அச்சாக வேண்டிய படமும் எழுத்தும் முதலில் ஒரு ஃபிலிமில் கருப்பாக வரும். மருந்து பூசிய அலுமினியத் தகட்டின் மேல் அந்த ஃபிலிமை வைத்து, பலத்த வெளிச்சம் காட்டிக் கழுவினால், ஃபிலிமில் கருப்பாக இருந்த இடம் மட்டும் தகட்டில் தங்கும். தங்கிய இடத்தில் மை பிடிக்கும். அந்தத் தகடுதான் பிளேட். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஃபிலிம், ஒரு பிளேட்.

இதில் எங்களுக்கு எதிரி தூசி. ஃபிலிமில் ஒரு தூசி ஒட்டியிருந்தால் அதுவும் பிளேட்டில் புள்ளியாகத் தங்கிவிடும். பிறகு ஆயிரம் தாளிலும் அதுவே விழும். அதனால் பிளேட்டைக் கழுவியதும் பூதக்கண்ணாடியோடு குனிந்து, மெல்லிய பிரஷ்ஷில் அழிக்கிற மருந்தைத் தொட்டு, வேண்டாத புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுப்பேன். என் பிளேட்டில் தூசி இருக்காது என்பது எங்கள் தெருவில் மற்ற அச்சகங்களுக்கும் தெரியும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமை ஒரே ஒரு தடவை சறுக்கியிருக்கிறது. தினசரி காலண்டருக்கு ஒரு குழந்தைப் படம் வந்தது. கொழுகொழுவென்ற குழந்தை. கன்னத்தில் ஒரு கரும்புள்ளி. சுத்தமாக எடுத்துவிட்டேன். காலண்டர் அச்சாகிக் கடைக்குப் போன பிறகு, குழந்தையின் தகப்பனாரே வந்துவிட்டார். அது திருஷ்டிப் பொட்டாம். "பெத்தவ ஆசையா வச்ச பொட்டு. அத எடுத்துட்டு எம் பிள்ளையை ஊரெல்லாம் ஆணியில தொங்கவிட்டிருக்கீகளே!" என்றார். அன்றிலிருந்து அச்சகத்தில் எனக்குப் பட்டப்பெயர் 'பொட்டழிச்சான்'. வைத்தது எங்கள் மிஷின்காரர். அவர் வேறு யாருமில்லை, என் மனைவியின் அண்ணன்.

இப்போது நான் சொல்லவந்தது அதைவிடப் பெரிய சங்கதி.

2008இல், ஆனி மாதம். காலண்டர் சீசன் சூடுபிடிக்கும் நேரம். முதலாளியின் சிநேகிதர் ஒருவர் விருதுநகரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் ஒரு வேலையைக் கொண்டுவந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். வெளி மாநிலத்தில் வானத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். ஒரே ஒரு தாள், ஆயிரம் பிரதி, கருப்பு சிவப்பு இரண்டே நிறம். மறுநாள் ராத்திரி மதுரையில் ரயில் ஏற வேண்டும், அதற்குள் வேண்டும் என்றாள். காலண்டர் வேலையை நிறுத்திவைத்து முதலாளி இதை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் என் மேசைக்கு இரண்டு ஃபிலிமும் ஒரு வேலைச் சீட்டும் வந்தன. சீட்டில் முதலாளி கையால், 'தலைப்பு சிவப்பு, மற்றது கருப்பு' என்று எழுதியிருந்தது. கருப்பு ஃபிலிமில் பாதிப் பக்கத்துக்குப் படம். வெள்ளைத் தாளில் சாம்பலை ஊதிவிட்ட மாதிரி, நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் லேசாகவும் ஒரு முட்டை வடிவம். சுற்றிலும் சின்னச் சின்னத் தீற்றல்கள். கீழே நாலைந்து வரி இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பிளேட் போட்டுக் கொடுத்தேன்.

சிவப்பு ஃபிலிமை எடுத்து விளக்கு மேசையில் வைத்தேன். மேலே ஒரு வரித் தலைப்பு. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லாத வெறும் ஃபிலிம். ஆனால் அந்த வெறும் இடத்தில், கடுகைத் தெளித்த மாதிரி புள்ளிகள்.

இவ்வளவு தூசியை ஒரு ஃபிலிமில் நான் பார்த்ததில்லை. மேசைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதோ என்று ஃபிலிமை விரலால் கொஞ்சம் நகர்த்தினேன். கண்ணாடியில் இருக்கும் தூசி அங்கேயே நிற்கும். ஃபிலிமில் இருப்பது கூடவே நகரும். எல்லாப் புள்ளிகளும் கூடவே நகர்ந்தன. துணியால் துடைத்தேன், போகவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. எழுந்து முதலாளி அறை வரைக்கும் போனேன். உள்ளே அந்தப் பெண் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். முதலாளியும் அவளும் என்னமோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படித்த பெண்ணின் முன்னால் போய் நின்று, "இந்தப் புள்ளி என்ன?" என்று கேட்க வேண்டும். வாசலில் கிடந்த செருப்பை நேராக எடுத்துவைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

எனக்குக் கூச்சம் அப்படி. டீக்கடையில் சர்க்கரை போட மறந்து கொடுத்தால், அப்படியே குடித்துவிட்டு வருகிற ஆள் நான்.

சீட்டில் 'தலைப்பு சிவப்பு' என்றுதானே இருக்கிறது? தலைப்பைத் தவிர சிவப்பில் வேறு எது இருந்தாலும் அது தூசிதான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பிளேட் போட்டேன். பிரஷ்ஷை எடுத்தேன். ஒரு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்து முடித்தபோது பிளேட் பௌர்ணமி வானம் மாதிரி சுத்தமாக இருந்தது. மச்சானிடம் கொடுத்தேன். அவர் ஏற்கெனவே கருப்பை ஆயிரமும், கழிவுக்கென்று கூட ஐம்பதும் ஓட்டி முடித்திருந்தார். பிளேட்டை மாட்டி, சிவப்பில் முந்நூறு தாள் போயிருக்கும். கரண்ட் போனது.

அந்த வருஷம் தினமும் பகலில் இரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. மிஷின் நின்றால் ஊரே காதைத் திறந்துகொள்ளும். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்தார். முதலாளி விசிறியோடு அறையிலிருந்து வெளியே வந்தார். அந்தப் பெண்ணும் கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். அச்சு எப்படி வர வேண்டும் என்று காட்ட, கடையில் கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்த மாதிரித் தாள் அது. நான் என் அறையில் கதவுக்குப் பின்னால், பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பேசுவது முழுக்கக் கேட்டது.

"கரண்ட் வர்ற வரைக்கும் சும்மாதான இருக்கோம்? இது என்னன்னு சொல்லு பாப்பா. அச்சடிக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் முதலாளி.

"இது ஒரு கேலக்ஸி அங்கிள். கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்த கூட்டம். இந்த மாதிரிக் கூட்டம் நூறு, ஆயிரம்னு ஒரு கொத்தா இருக்கும். அந்தக் கொத்துக்குள்ள இருக்கிற ரொம்பப் பெரிய கேலக்ஸி இது."

"பெரிய வீட்டுக்காரவுகன்னு சொல்லு."

"ஆமா. ஆனா பெரிய வீட்டுல பெரும்பாலும் வயசானவுகதான் இருப்பாக. புதுசா நட்சத்திரம் பொறக்க வாயு வேணும். இந்த நெரிசல்ல அந்த வாயு வெளிய உருவிப் போயிரும், இல்லைன்னா சூடாகி ஒண்ணு சேர முடியாமப் போயிரும். அதனால கொத்துக்குள்ள இருக்கிற பெரிய கேலக்ஸில பொறப்பு அநேகமா நின்னு போச்சுன்னுதான் எல்லாரும் சொல்லுவாக. வருஷத்துக்கு எத்தனை பொறக்குதுன்னு அளக்கிறதுதான் என் வேலை."

மச்சான் விடவில்லை. "எப்படித் தாயி அளப்பீக? அங்கன போயி பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறீகளா?"

அவள் சிரித்துவிட்டாள். "போக முடியாதுண்ணே. புதுசாப் பொறக்கிறதுல சிலது ரொம்பப் பெருசா, ரொம்பச் சூடா இருக்கும். அதுக ஆயுசு கம்மி. சீக்கிரம் எரிஞ்சு முடிஞ்சிரும். எரியிற வரைக்கும் பக்கத்துல இருக்கிற வாயு ஒரு மாதிரிச் சிவப்பா ஒளிரும். அந்தச் சிவப்பு இருந்தா, அது இப்பத்தான் பொறந்திருக்குன்னு அர்த்தம். எம்புட்டுச் சிவப்பு இருக்குன்னு பார்த்து, அந்தப் பெரிய நட்சத்திரத்தோட ஆயுசையும் வச்சு, வருஷத்துக்கு எம்புட்டுப் பொறக்குதுன்னு கணக்குப் போடுவோம்."

"தலை சுத்துது" என்றார் மச்சான்.

எனக்குச் சுற்றவில்லை. அது எனக்கே ஆச்சரியம். என் மனைவி அப்போது விஸ்வநத்தம் பக்கம் கம்பி மத்தாப்புக் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒரு கம்பி மத்தாப்பு முக்கால் நிமிஷமோ ஒரு நிமிஷமோ எரியும். தீபாவளி அன்று ஒரு தெருவில் எவ்வளவு வேகமாகக் கொளுத்துகிறார்கள் என்று தெரிய, வீடு வீடாகப் போய் நிற்க வேண்டாம். மொட்டைமாடியிலிருந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். முப்பது மத்தாப்பு எரிகிறதா? ஒன்று ஒரு நிமிஷம் எரியுமா? அப்படியென்றால் நிமிஷத்துக்கு முப்பது கொளுத்துகிறார்கள். வாசலில் வாளி நிறைய எரிந்த கம்பி கிடக்கலாம். அது நேற்றுக் கொளுத்தியதோ, முந்தாநாள் கொளுத்தியதோ. இன்றைய வேகத்தை அது சொல்லாது. எரிந்துகொண்டிருப்பதைத்தான் எண்ண வேண்டும். இந்தப் பெரிய கேலக்ஸி, வாளி வாளியாக எரிந்த கம்பியை வைத்திருக்கிற வீடு. வாசலில் இப்போது மத்தாப்பு எரிகிறதா என்பதுதான் கேள்வி.

இதை வெளியே போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. பிரஷ்ஷை இன்னொரு தடவை கழுவினேன்.

"அப்ப இதுலயும் பொறப்பு நின்னு போச்சா?" என்று கேட்டார் முதலாளி.

"அதான் அங்கிள் விஷயமே. இதுல நிக்கலை. நான் மூணு வருஷமா இத மாதிரி பெரிய கேலக்ஸிகளாப் பார்த்துக்கிட்டிருக்கேன். மத்ததெல்லாம் அமைதியாக் கிடக்கு. இது ஒண்ணுல மட்டும் நாப்பத்து மூணு எடத்துல சிவப்பு தெரியுது. எங்க ஆராய்ச்சியில இருக்கிற பெரியவுக யாரும் நம்ப மாட்டேங்கிறாக. கேமராவுல ஏதாவது தூசியா இருக்கும்ங்கிறாக."

"அடப்பாவமே."

"சூட்டை அளக்கிற தொலைநோக்கி ஒண்ணு இருக்கு. அதுல பார்க்கச் சில மணி நேரம் ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கேன். சில நட்சத்திரம் தூசிக்குள்ள ஒளிஞ்சே பொறக்கும். வெளிச்சம் வெளிய வராது. ஆனா அந்தத் தூசி சூடாகும். சூட்டைப் பார்த்துட்டா சந்தேகமே இல்லை. நாளை மறுநாள் அவுக எல்லாரும் கூடுற கூட்டத்துல இந்தத் தாளை எல்லார் கையிலயும் குடுப்பேன். பார்த்து ஒத்துக்கிட்டாத்தான் அந்த நேரம் கெடைக்கும். இல்லைன்னா இந்த வேலைய விட்டுட்டு வேற தலைப்பு எடுக்கச் சொல்லிட்டாக. இங்க பாருங்க, இந்தச் சிவப்புப் புள்ளிதான் எல்லாமே."

கையிலிருந்த பிரஷ் தொட்டிக்குள் விழுந்தது.

கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் கையில் இருந்த மாதிரித் தாளில், சாம்பல் முட்டையின் ஓரத்தில், கடுகைத் தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். நாற்பத்து மூன்று பிரசவத்தையும் காலையில் நான் பிரஷ்ஷை வைத்துத் துடைத்திருந்தேன்.

வெளியே போய்ச் சொல்ல வேண்டும். ஓர் அடி எடுத்து வைத்தேன். முதலாளி, மச்சான், அந்தப் பெண், பைண்டிங் பிரிவில் நாலு பேர், எல்லோரும் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். எடுத்த அடியைப் பின்னால் வைத்துக்கொண்டேன். முதலாளி தனியாக உள்ளே போகட்டும், அவரிடம் மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் போகவில்லை. அவர் பாட்டுக்கு அந்தப் பெண்ணுக்கு நொறுக்குத் தீனி வாங்கிவரச் சொல்லி, சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தார். மச்சான் தனியாக வருவாரா என்று பார்த்தேன். அவர் பேப்பர் கட்டின் மேலேயே கண்ணயர்ந்துவிட்டார். இப்படியே ஒன்றரை மணி நேரம் போனது. அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு ஒரு சீசன் மாதிரி இருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. மச்சான் துள்ளி எழுந்து மிஷினை ஓட்டிவிட்டார். தடக் தடக்கென்று தாள்கள் விழ ஆரம்பித்தன. புள்ளி இல்லாத தாள்கள். அந்தப் பெண் இன்னும் அச்சான தாளைப் பார்க்கவில்லை. காய்ந்த பிறகு பார்க்கலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். கட்டிக் கொடுத்துவிட்டால் அவள் கூட்டத்தில்தான் பிரித்துப் பார்ப்பாள். எல்லார் கையிலும் கொடுத்துவிட்டு, "இந்தச் சிவப்புப் புள்ளியைப் பாருங்க" என்பாள். அங்கே ஒன்றும் இருக்காது.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. நேரே நடந்து போய்ச் சுவரில் இருந்த மிஷின் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டேன்.

மிஷின் உறுமிக்கொண்டே நின்றது. "போச்சுடா! திரும்பவும் புடுங்கிட்டானா?" என்றார் மச்சான். முதலாளி, "இப்பத்தானலே வந்துச்சு!" என்று கரண்ட் ஆபீஸ்காரர்களைத் திட்ட ஆரம்பித்தார். திட்டிக்கொண்டே தலையை நிமிர்த்தியவர் அப்படியே நிறுத்தினார். தலைக்கு மேல் ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஃபேனைப் பார்த்தார்கள். பிறகு சுவிட்சைப் பிடித்தபடி நிற்கும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏலே, என்னலே ஆச்சு ஒனக்கு?" என்றார் முதலாளி.

"மொதலாளி, அந்தச் செவப்புப் புள்ளி..." என்றேன். ஓடிப் போய் அச்சான தாள் ஒன்றை எடுத்துவந்து, அந்தப் பெண்ணின் கையில் இருந்த மாதிரித் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். "தூசின்னு நெனச்சு எடுத்துட்டேம்மா" என்றேன்.

மச்சான்தான் முதலில் பேசினார். "அன்னைக்கு ஒரு பிள்ளை கன்னத்துப் பொட்டு. இன்னைக்கு வானத்துப் பிள்ளை அம்புட்டையும் அழிச்சுட்டானே பொட்டழிச்சான்!"

பைண்டிங் பிரிவில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். முதலாளி நன்றாகத் திட்டினார். எல்லாம் நியாயமான திட்டு. "கேக்குறதுக்கு என்னலே கேடு? வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

அந்தப் பெண் மட்டும் திட்டவில்லை. முகம் வெளிறிப் போயிருந்தது. மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, ஃபிலிம் இருக்கா? அதுலயும் அழிச்சிட்டீகளா?"

"இல்லம்மா. பிளேட்டுலதான். ஃபிலிம் அப்படியே இருக்கு."

"அப்ப நான் அஞ்சு மணிக்கு பஸ் ஏற முடியுமா?"

"ஏத்திருவோம்மா" என்றேன். அன்று நான் யாரையும் கேட்காமல் கொடுத்த முதல் வாக்கு அதுதான்.

வேலை இப்படி. மீதி இருந்த தாள்களுக்குத் தலைப்பும் புள்ளிகளும் சேர்ந்த புது பிளேட் வேண்டும். தலைப்பு மட்டும் சிவப்பில் விழுந்துவிட்ட தாள்களுக்கு, புள்ளிகள் மட்டும் உள்ள இன்னொரு பிளேட் வேண்டும். காலையில் தலைப்பை விட்டுவிட்டுப் புள்ளிகளை எடுத்தேன். இப்போது புள்ளிகளை விட்டுவிட்டுத் தலைப்பை எடுக்க வேண்டும். இரண்டாவது முறை ஓடும்போது புள்ளி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கேலக்ஸிக்கு வெளியே போய் விழும். அதைச் சரியாக விழவைப்பது மச்சான் பாடு.

அந்தப் பெண் என் அறைக்கே வந்துவிட்டாள். ஒரு நோட்டையும் விரித்து வைத்துக்கொண்டாள். விளக்கு மேசையில் ஃபிலிமை வைத்து, பூதக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தேன். பக்கத்தில் நின்று நானும் எண்ணினேன். எனக்கு நாற்பத்து நாலு வந்தது. திரும்ப எண்ணினேன். நாற்பத்து நாலுதான்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. காலையில் பேசாமல் இருந்ததற்குக் கிடைத்தது போதாதா என்று மறுநொடி தோன்றியது.

"அம்மா, நாப்பத்து மூணுன்னுதான சொன்னீக?"

"ஆமாண்ணே."

"இதுல நாப்பத்து நாலு இருக்கு."

அவள் நோட்டைப் பார்த்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "ஆமா. ஒண்ணு கூட இருக்கு. எதுன்னு தெரியலையே."

எனக்குத் தெரிந்தது. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால், கம்ப்யூட்டர் போட்ட புள்ளி ஓரம் கத்தரித்த மாதிரி வட்டமாக இருக்கும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். வலது ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் அப்படி இல்லை. ஒரு பக்கம் பிசிறு. ஒரு பக்கம் வால். "இது உங்களுதில்லம்மா. இது எங்க ஊர்த் தூசி" என்றேன்.

அவள் நோட்டில் தேடினாள். அந்த இடத்தில் அவளுக்குப் புள்ளி இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கேமராவுல தூசியா, நெசமான்னு நாங்களும் இதே பாடுதான் படுறோம்ணே" என்றாள்.

"நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீக?"

"தொலைநோக்கியை லேசா நகர்த்தி நகர்த்தி நாலஞ்சு படம் எடுப்போம். கேமராவுல இருக்கிற தூசி படத்துல அதே எடத்துலதான் நிக்கும். நட்சத்திரம் வானத்தோட சேர்ந்து நகரும்."

நான் ஃபிலிமை விரலால் நகர்த்திக் காட்டினேன். மேசைக் கண்ணாடியில் இருந்த ஒரு தூசி அங்கேயே நின்றது. அவளுடைய நாற்பத்து மூன்றும் கூடவே நகர்ந்தன. அவள் இன்னொரு முறை நகர்த்தச் சொன்னாள். பிறகு தானே நகர்த்திப் பார்த்தாள்.

இரண்டு பிளேட்டும் போட்டேன். அவளைக் கேட்டுவிட்டு அந்த நாற்பத்து நாலாவதை எடுத்தேன். மச்சான் வாய்தான் அப்படி, கை தங்கம். முதல் இருபது தாள் வீணானது. அதற்கப்புறம் புள்ளிகள் இம்மி பிசகாமல் விழுந்தன. ஒவ்வொரு ஐம்பது தாளுக்கும் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, "எண்ணிச் சொல்லும்யா மாப்ளே, எத்தனை பிள்ளைன்னு" என்றார். "நாப்பத்து மூணு" என்றேன் ஒவ்வொரு தடவையும்.

எங்கள் ஊர் வெயிலுக்குப் புண்ணியம். தாள்களைப் பரப்பிப் போட்ட ஒரு மணி நேரத்தில் சிவப்பு காய்ந்துவிட்டது. காயும்வரை காத்திருந்தபோது முதலாளி திரும்பவும் கேட்டார், "என்னமோ ஆயுசு, கணக்குன்னியே பாப்பா, அது மட்டும் எனக்கு இன்னும் வெளங்கலை."

அப்போது நான் அந்தக் கம்பி மத்தாப்பைச் சொல்லிவிட்டேன். எப்படி வாய் திறந்தது என்று கேட்காதீர்கள். அன்று ஒரு தடவை திறந்த வாய் மூடவில்லை, அவ்வளவுதான். வாளியில் கிடக்கும் எரிந்த கம்பி, மொட்டைமாடி, முப்பது மத்தாப்பு, எல்லாம் சொன்னேன். முதலாளி, "இதுதானா சங்கதி!" என்றார்.

அந்தப் பெண் நோட்டைத் திறந்து வேகமாக எழுதினாள். "மூணு வருஷமா எங்க அப்பாவுக்கே இதச் சொல்லிப் புரியவைக்கத் தெரியாம முழிக்கிறேன்ணே. ஒரு மத்தாப்பை வச்சு முடிச்சிட்டீகளே" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் காது மட்டும் நன்றாகக் கேட்டது.

கட்டும்போது, காலையில் சிவப்பைச் சரிபார்க்க ஓட்டிக் கழித்துவைத்த, புள்ளி விழாத பழைய தாளில் பத்தைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "வீணாப் போனது எதுக்கும்மா?" என்று கேட்டேன். "வேணும்ணே" என்று மட்டும் சொன்னாள். அஞ்சு மணி பஸ்ஸில் தாள் கட்டுகளை மச்சான்தான் ஏற்றிவிட்டார்.

வீட்டில் நான் சொல்வதற்கு முன்னாலேயே மச்சான் மூலமாகச் சேதி போய்விட்டது. என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "ஊர்ல ஒவ்வொருத்தன் வாயாலதான் பேசுவான். இந்த மனுசன் கரண்டப் புடுங்கிப் பேசுறாரு."

ஒரு மாதம் கழித்து அச்சகத்துக்குப் போன் வந்தது. முதலாளி அறையிலிருந்து கத்தினார். "ஏலே, ஒனக்குத்தாம்லே. வானத்துப் பாப்பா!"

கூட்டத்தில் அவள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாளாம். புள்ளி இல்லாத தாளைக் காட்டி, "நீங்க நெனச்சுக்கிட்டிருக்கிறது இது." புள்ளி உள்ள தாளைக் காட்டி, "நான் பார்த்தது இது." அதில் ஒரு பெரியவர் புள்ளிகள் தூசியாக இருக்கலாமே என்றாராம். அவள் எங்கள் அச்சகத்துக் கதையைச் சொல்லி, தொலைநோக்கியை நகர்த்தி எடுத்த படங்களைக் காட்டினாளாம். கேட்ட நேரம் கிடைத்துவிட்டது என்றாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பதை மச்சான் பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அப்போதே அவள் கேட்டுக்கொண்டாள், அன்று நடந்ததை என் கையாலேயே எழுதித் தர வேண்டும் என்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் போடப்போகிறாளாம். சரி என்று சொல்லிவிட்டு ஒன்றரை வருஷம் தள்ளிப்போட்டேன். காகிதத்தை எடுத்தால் கையெழுத்து ஞாபகம் வரும். வைத்துவிடுவேன்.

போன வாரம் மறுபடி போன் செய்தாள். சூட்டை அளந்து பார்த்துவிட்டார்களாம். நாற்பத்து மூன்று இடமும் நிஜம். அது போகத் தூசிக்குள்ளே ஒளிந்து பிறப்பது தனியாக இருக்கிறதாம். சிவப்புப் புள்ளியை மட்டும் வைத்துப் போட்ட கணக்கைவிட, அந்தப் பெரிய வீட்டில் பிறப்பு வேகமாகவே நடக்கிறதாம். புதுத் தாள் அடிக்க நாளை, திங்கட்கிழமை, அச்சகத்துக்கு வருகிறாள். "இந்தத் தடவை புள்ளி நெறைய இருக்கும்ணே. எண்ணிச் சொல்லுறேன், நீங்களும் எண்ணுங்க" என்றாள். பிறகு, "நான் கேட்டது எழுதிட்டீகளா?" என்றாள்.

"எழுதிட்டேம்மா" என்று சொல்லிவிட்டேன். வாய் திறந்தால் இப்படியும் ஒரு தொல்லை இருக்கிறது. சொன்ன பொய்யைத் திங்கட்கிழமைக்குள் உண்மையாக்க, இன்று விடுமுறை நாளில், காலண்டருக்கு வெட்டி மிஞ்சிய தாளில் காலையிலிருந்து எழுதி முடித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, தை மாதம், 2010.